கொழும்புக்கு வெளியே 1917ல் கப்பல் தாழ்த்தது எம்டனா?

#1 கோப்பாய்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக் கூரை மாற்றுவதற்காகப் பழைய பெட்டகத்தை வெளியே எடுத்தோம். அதற்குள் ஒரு தகரப் பெட்டி, பெட்டிக்குள் என் பூட்டனார் எழுதிய கடிதங்கள். அவர் கொழும்பில் கப்பல்களுக்குக் கரி கொடுத்த கம்பனி ஒன்றில் கிளாக்கராக இருந்தவர். கடிதங்களில் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. மிஞ்சியதில் ஒன்று 1917 மாசி மாதத்தது. அதில், கொழும்புக்கு வெளியே எம்டன் வைத்த வெடியில் பெரிய கப்பல் ஒன்று தாழ்ந்தது, நாலு நாளில் இன்னொன்றும் தாழ்ந்தது, துறைமுகத்தில் எல்லோரும் பயந்துபோய் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார்.

வீட்டில் அம்மாவுக்கு இதில் ஒரு சந்தேகமும் இல்லை. "எம்டன் தாழ்த்த கப்பலை அப்பு கண்ணால கண்டவர்" என்று சின்ன வயதிலிருந்தே கேட்ட கதை. ஆனால் முதலாம் உலகப் போரில் வந்த அந்த ஜேர்மன் போர்க்கப்பல் எம்டன் அதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று எங்கேயோ வாசித்த ஞாபகம். வரலாறு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 பினாங்கு பேரன்

எம்டன் 1914லேயே முடிந்த கதை. செப்டம்பர் 22ந் தேதி இரவு சென்னைக்குக் குண்டு போட்டது. அந்த மாதக் கடைசியில் இலங்கைக்கு மேற்கே நின்று கிங் லட், டைமெரிக் என்று வரிசையாகக் கப்பல்களைப் பிடித்தது. ஒக்டோபர் 28 விடியற்காலை பினாங்குக்குள் புகுந்து ரஷ்யக் கப்பலைத் தாழ்த்தது. நவம்பர் 9ல் கொக்கோஸ் தீவுக்குப் பக்கத்தில் அவுஸ்திரேலியாவின் சிட்னி என்ற போர்க்கப்பல் அதை அடித்து முடித்துவிட்டது. எங்கள் அப்பப்பா மலாயாவில் உத்தியோகம் பார்த்தவர். பினாங்குக் கதையை அவர் சொல்லி நூறு தடவை கேட்டிருப்பேன்.

ஆகவே 1917ல் எம்டன் இல்லை. பூட்டனார் தேதியை மாற்றி எழுதிவிட்டாரோ?

#3 கோப்பாய்க்காரன்

தேதி சரி அண்ணை. தபால் முத்திரையிலும் 1917 தெளிவாக இருக்கிறது.

#4 தண்டையல் வீட்டுப்பிள்ளை

பூட்டனார் ஆண்டில் பிழை விடவில்லை, கப்பலின் பெயரில்தான் விட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் கடலில் எது வெடித்தாலும் எம்டன்தானே. இன்றைக்கும் எங்கள் ஊரில் சுழியன் ஒருவனைப் பார்த்தால் "அவன் பெரிய எம்டன்" என்றுதான் சொல்வார்கள்.

1917 பெப்ரவரி 17ல் கொழும்புக்கு வெளியே வூஸ்டர்ஷயர் என்ற பிபி கம்பனிக் கப்பல் கடற்கண்ணிவெடியில் மோதித் தாழ்ந்தது. 21ல் பேர்சியஸ், புளூ ஃபனல் கம்பனிக் கப்பல், அதுவும் அப்படியே. நாலு நாள் கணக்குச் சரியாக வருகிறது பாருங்கோ. இரண்டும் இன்னும் கொழும்புக் கடலடியில்தான் கிடக்கின்றன. சுழியோடுகிறவர்கள் இறங்கிப் பார்த்துப் படம் எடுத்துப் போடுகிறார்கள்.

கண்ணி வைத்தது வொல்ஃப், ஓநாய் என்று அர்த்தம். எம்டன் போர்க்கப்பலாகவே கட்டப்பட்டது, வொல்ஃப் அப்படி இல்லை. வெறும் சரக்குக் கப்பல். முந்தைய பெயர் வாக்ட்ஃபெல்ஸ். பிறேமன் நகரத்து ஹன்சா கம்பனிக்காக 1913ல் கட்டியது, 5,800 தொன் சொச்சம். ஹன்சாக்காரர் இந்தியப் பக்கம்தான் கூடுதலாக ஓடியவர்கள். போர் நடுவில் ஜேர்மன் கடற்படை அதை எடுத்துக்கொண்டது. முதலில் வேறொரு கப்பலுக்கு வொல்ஃப் என்று பெயர் வைத்து 1916 தொடக்கத்தில் அனுப்பப் பார்த்தார்கள். அது எல்பே ஆற்றிலேயே தரை தட்டிவிட்டது. பிறகுதான் வாக்ட்ஃபெல்ஸுக்கு அந்தப் பெயர் வந்தது.

#5 பினாங்கு பேரன்

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. வேகமான பயணிகள் கப்பல்கள் எத்தனையோ இருக்க, மணிக்குப் பத்து பதினொரு கடல் மைல் ஓடுகிற மாட்டுவண்டியை ஏன் எடுத்தார்கள்? எம்டன் 23 ஓடும். அதுவே மூன்று மாதத்தில் பிடிபட்டது.

#6 ஓய்வுபெற்ற இஞ்சினியர்

தம்பி, கேள்விக்குள்ளேயே பதிலும் இருக்கிறது. நான் 31 வருடம் கப்பல் இஞ்சின் அறையில் வேலை பார்த்தவன். கரிக்கப்பலில் ஓடியதில்லை, எண்ணெய் எரிக்கும் நீராவிக் கப்பலில் தொடங்கியவன். எனக்கு வேலை பழக்கியவர்கள் கரிக்கப்பலில் தொடங்கியவர்கள். ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேகம் என்றால் கரி. வேகத்தை இரட்டிப்பாக்க இரண்டு மடங்கு கரி போதாது. பல மடங்கு வேண்டும். அதனால்தான் எம்டன் போன இடமெல்லாம் பின்னால் ஒரு கரிக்கப்பலையும் இழுத்துக்கொண்டு திரிந்தது. இலங்கைப் பக்கம் அது பிடித்த புரெஸ்க் என்ற கப்பலில் 6,600 தொன் வேல்ஸ் கரி இருந்தது. ஆங்கிலேயக் கடற்படைக்கென்று போன கரி. வேல்ஸ் கரி புகை குறைவாக எரியும், நம் பக்கத்து இந்தியக் கரி கறுப்பாகக் கக்கும். ஒளிந்து திரிகிறவனுக்கு அந்தப் புகை எவ்வளவு தூரத்துக்குக் காட்டிக்கொடுக்கும் என்று யோசியுங்கள். கப்பல் கண்ணில் படும் முன் புகைதான் படும்.

இனி வாக்ட்ஃபெல்ஸ் மாதிரி ஒரு சரக்குக் கப்பல். அதைக் கட்டும்போதே முதலாளி கேட்டது ஒன்றுதான்: ஒரு தொன் கரியில் எவ்வளவு தூரம்? மூன்று சிலிண்டர் இஞ்சின். ஒரே நீராவியைப் பெரிய அழுத்தத்தில் முதல் சிலிண்டரில், மிஞ்சியதை இரண்டாவதில், இன்னும் மிஞ்சியதை மூன்றாவதில் என்று மூன்று தரம் பிழிந்து எடுக்கும். எங்கள் ஆச்சி தேங்காய்ப் பாலை முதற்பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று பிழிவது போலத்தான். போதாததற்குப் பெரிய பண்டகசாலைகள் வேறு. மூட்டை ஏற்றுகிற இடத்தில் கரி ஏற்றினால் அதுவே ஒரு கரித்தீவு. இதே கப்பலைத்தான் கடற்படைக்காரன் தேடுவான்.

கரி வைக்கும் அறைக்குக் கப்பலில் பங்கர் என்று பெயர். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் வேறு ஞாபகம் வரும், அதை விடுவோம். அங்கே இருட்டில் மண்வெட்டியோடு நின்று கரியை வெட்டித் தள்ளுவண்டியில் கொதிகலன் வாசலுக்குக் கொண்டுவருகிறவன் ஒருவன். அதை நெருப்புக்குள் வீசுகிறவன் இன்னொருவன். ஒரு வேலை முறை நாலு மணி நேரம். ஒவ்வொரு முறையிலும் ஒன்றிரண்டு அடுப்பை ஒதுக்கி, உருகி ஒட்டிய கசடை நீண்ட இரும்புக் கம்பியால் உடைத்து இழுத்து, தண்ணீர் ஊற்றி, சாம்பலை மேலே ஏற்றிக் கடலில் கொட்ட வேண்டும். கொடி மாறினாலும் பெயர் மாறினாலும் கீழே இந்த வேலை மாறவே இல்லை. மேலே பீரங்கி வந்துவிட்டது என்பதெல்லாம் கீழே நிற்கிறவனுக்குச் சத்தத்தில்தான் தெரியும்.

#7 தண்டையல் வீட்டுப்பிள்ளை

அருமை ஐயா. தேங்காய்ப் பால் உவமை இனி மறக்காது.

ஐயா சொன்ன அந்த நெருப்புக்காரர்களைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். சமாதான காலத்தில் ஹன்சா கப்பல்களில் கொதிகலனுக்குக் கரி போட்டவர்களில் நிறையப் பேர் இந்தியத் தொழிலாளிகள், லஸ்கர்கள். மாலுமித் தலைவர்களைச் செறாங்கு, தண்டையல் என்று நாம் இன்றும் சொல்லும் சொற்கள் அந்தக் கப்பல்களிலும் ஓடின. 1914 ஓகஸ்டில் போர் வெடித்தபோது ஜேர்மன் துறைமுகங்களில் நின்ற ஹன்சா கப்பல்களின் இந்திய ஆட்கள் அங்கேயே அகப்பட்டுச் சிறை முகாமுக்குப் போனார்கள். கப்பல் ஒரு பக்கம் போருக்குப் போனது, அதை ஓட்டிய ஆட்கள் கம்பிக்குப் பின்னால்.

#8 வடமராட்சிப் பெடியன்

கப்பல் விசர் பிடித்தவர்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறீர்கள் போல. எனக்கு 1942 சண்டைக் கதையில்தான் விசர். கொழும்பில் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, யப்பான்காரன் குண்டு போட்டபோது ஹெக்டர் என்ற கப்பல் துறைமுகத்துக்குள்ளேயே எரிந்து தாழ்ந்தது. அதுவும் புளூ ஃபனல் கம்பனிதான். 1939ல் கடற்படை எடுத்துப் பீரங்கி பூட்டியது. திரும்பக் கம்பனிக்குக் கொடுக்கவென்று ஆயத்தம் செய்துகொண்டிருந்த நேரத்தில் குண்டு விழுந்தது. என்ன விதி பாருங்கள். நாலு நாள் கழித்துத் திருகோணமலையில் சாகெயிங் எரிந்தது. அதை நம் நாட்டுக் கடற்படை 2018ல் தூக்கி எடுத்தது, பேப்பரில் எல்லாம் வந்ததே.

#9 மட்டுறுத்துநர்

தம்பி, 1942க்குத் தனி இழை திறந்தால் நல்லது. இங்கே ஓநாயோடு நிற்போம்.

#10 வேம்படி வீதி வாசுகி

நான் இடையில் ஒரு கேள்வி கேட்கலாமா? எல்லோரும் கப்பலைப் பற்றி ரசித்துப் பேசுகிறீர்கள். ஆனால் சரக்குக் கப்பல் வேடத்தில் வந்து, ஊர்க் கப்பல்கள் போகும் வழியில் கண்ணி போட்டுவிட்டு ஓடுவது என்ன வீரம்? அது யார் மேல் வெடிக்கும் என்று போட்டவனுக்கே தெரியாது. எம்டனாவது கப்பலை நிறுத்தி, ஆட்களை இறக்கிவிட்டுத்தான் தாழ்த்தது என்று சொல்வார்கள்.

#11 பினாங்கு பேரன்

அக்கா சொல்வது நியாயம். ஆனால் வேடம் போட்டது ஜேர்மன்காரன் மட்டுமில்லை. ஆங்கிலேயரும் பழைய கரிக்கப்பல்களை எடுத்து உள்ளே பீரங்கியை மறைத்து வைத்தார்கள். லோடரர் என்ற கரிக்கப்பல் ஃபார்ன்பரோ என்று பெயர் மாறியது. நீர்மூழ்கி கிட்ட வந்ததும் மாலுமிகளில் ஒரு கூட்டம் பயந்து ஓடுவதுபோல் படகில் இறங்கி நாடகம் ஆடும். நீர்மூழ்கி மேலே வந்து பார்க்கும்போது பக்கச் சுவர் விழுந்து பீரங்கி வெடிக்கும். இரண்டு நீர்மூழ்கிகளை அப்படித் தாழ்த்தது. அடி விழும்போது மிதப்பதற்கென்று வயிறு நிறைய மரம் ஏற்றியிருந்தார்கள்.

#12 வேம்படி வீதி வாசுகி

அவனும் செய்தான், இவனும் செய்தான் என்பது பதிலாகாது. அந்த நாடகத்தில் எதிரே நின்றது நீர்மூழ்கி, அதாவது போர்க்கப்பல். கொழும்பு வழியில் போட்ட கண்ணியில் சிக்கியது பயணிகள் ஏற்றிய கப்பல்.

#13 தண்டையல் வீட்டுப்பிள்ளை

வாசுகி அக்காவோடு நான் இதில் ஒத்துப்போகிறேன். கண்ணியை மட்டும் பார்த்தால் எனக்கும் ஓநாயில் மரியாதை இல்லை. அந்தக் கப்பல் 450க்கு மேற்பட்ட கண்ணிகளைச் சுமந்துகொண்டு 1916 நவம்பர் 30ல் ஜேர்மனியின் கீல் துறைமுகத்தை விட்டது. ஜனவரியில் நன்னம்பிக்கை முனை, பெப்ரவரியில் கொழும்பும் பம்பாயும், பிறகு நியூசிலாந்தும் அவுஸ்திரேலியாவும் என்று உலகத்தின் பாதிக்கு விதைத்தது. அவுஸ்திரேலியக் கரையில் கம்பர்லன்ட் என்ற கப்பல் அடிபட்டபோது, யாரோ உள்ளே வெடி வைத்துவிட்டான் என்று அங்கே தேடினார்கள். நியூசிலாந்தில் விம்மெரா என்ற பயணிகள் கப்பல் 1918 ஜூனில் தாழ்ந்தது. அப்போது ஓநாய் வீடு திரும்பி நாலு மாதம்!

ஆனால் கண்ணிக்குப் புறம்பான கதை வேறு. ஆட்களைக் கொல்லாமல்தான் பெரும்பாலும் கப்பல்களைப் பிடித்தது. அதன் கப்டன் நேர்கர் கைதிகளைத் தன் கப்பலிலேயே ஏற்றிக்கொண்டார். கண்ணிகள் குறையக் குறைய வெறுமையான பண்டகசாலையில் கைதிகள் நிறைந்தார்கள். கடைசியில் நானூறுக்கு மேல். ஒரு பாய்க்கப்பல் கப்டனின் மனைவியும் சின்ன மகளும்கூட அதில் இருந்தார்கள்.

#14 தண்டையல் வீட்டுப்பிள்ளை

முந்தைய பதிவில் எழுத வந்ததே வேறு, மறந்துவிட்டேன். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான். ஹன்சா கம்பனி தன் கப்பல்களுக்கு ஃபெல்ஸ் என்று முடியும் பெயர்தான் வைக்கும். ஃபெல்ஸ் என்றால் பாறை. வாக்ட்ஃபெல்ஸ், குட்டன்ஃபெல்ஸ், ராபன்ஃபெல்ஸ். ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி.

இதில் குட்டன்ஃபெல்ஸ் போர் தொடங்கியபோது அலெக்சாந்திரியாவில் ஆங்கிலேயரிடம் அகப்பட்டது. அவர்கள் அதை எண்ணெய்க் கப்பலாக்கி டுரிட்டெல்லா என்று பெயர் மாற்றினார்கள். 1917 பெப்ரவரி 27ல், கொழும்புக்கும் பம்பாய்க்கும் கண்ணி போட்டு முடித்த ஓநாய், அரபிக் கடலில் அதைப் பிடித்தது. பார்த்தால் தங்கள் கம்பனிக் கப்பல்! உடனே அதற்கு இல்டிஸ் என்று இன்னொரு பெயர். கண்ணிகளைக் கொடுத்து ஏடனுக்கு அனுப்பினார்கள். ஒரு கிழமைக்குள் ஆங்கிலேயப் போர்க்கப்பல் ஒன்று மறித்தது, ஜேர்மன்காரர் தாங்களே அதைத் தாழ்த்தார்கள். ஓநாய் ஒன்று திரிகிறது என்று ஆங்கிலேயருக்கு உறுதியானது அப்போதுதான்.

இனி ராபன்ஃபெல்ஸ். அது போர் தொடங்கியபோது போர்ட் சையிட்டில் அகப்பட்டது. ஆங்கிலேயர் அதைக் கடல் விமானக் கப்பலாக்கி ரேவன் 2 என்று பெயர் வைத்தார்கள். மூட்டை தூக்கிய அதே பாரந்தூக்கிதான் இப்போது விமானத்தைத் தூக்கித் தண்ணீரில் இறக்கியது. 1917 வசந்தத்தில் இந்தக் கப்பலை ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பலோடு சேர்த்து இந்து சமுத்திரத்துக்கு அனுப்பினார்கள். எதற்கு? ஓநாயைத் தேட. கொழும்புக்கு வந்தது, இலட்சத்தீவு, மாலைதீவு என்று தீவு தீவாகத் தேடியது. அதன் விமானம் ஒன்று வழி தவறி மாலைதீவில் இறங்க, இரண்டு பேர் சில நாள் அலைந்து தீவுவாசிகளால் காப்பாற்றப்பட்டார்கள். அந்த நேரம் ஓநாய் தெற்கே போய்விட்டது, பசிபிக் பக்கம்.

ஒரு கம்பனியின் கப்பலை அதே கம்பனியின் கப்பல், அதே பத்து மைல் வேகத்தில், நம் கடலில் தேடியிருக்கிறது. இதை யாராவது கூத்தாக எழுதினால் நம்பமாட்டோம்.

#15 ஓய்வுபெற்ற இஞ்சினியர்

தம்பி, இது எனக்குப் புதிது. இரவு நித்திரை வராது.

வாசுகி தங்கச்சியின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஓநாய் 451 நாள் கடலில் நின்றது, 64,000 கடல் மைல், ஒரு துறைமுகத்திலும் கட்டவில்லை. இதைப் படிக்கிறவர்கள் கப்டனைப் புகழ்கிறார்கள். நான் கொதிகலனை நினைக்கிறேன். அந்தக் கொதிகலனை அணைத்து, ஆறவிட்டு, உள்ளே ஆளை இறக்கி உப்புப் படையைச் சுரண்டாமல் அவ்வளவு நாள் ஓட முடியாது. நியூசிலாந்துக்கு வடக்கே ஆளில்லாத ஒரு தீவில் நங்கூரம் போட்டு அதைத்தான் செய்தார்கள். அந்த நேரம் பார்த்து வைருனா என்ற கப்பல் எதிரே வந்துவிட்டது. துரத்த நீராவி இல்லை. வொல்ஃப்ஹென், அதாவது ஓநாய்க்குட்டி என்ற சின்னக் கடல் விமானம் எழும்பி, இந்தப் பக்கம் திரும்பு, இல்லையென்றால் குண்டு விழும் என்று எழுதிய கடிதத்தை ஒரு பையில் வைத்துத் தளத்தில் போட்டது. பிறகு முன்னால் கடலில் ஒரு குண்டு. கப்பல் தானாக வந்து சேர்ந்தது. அதன் கரி முழுக்க ஓநாய் வயிற்றுக்குள்.

பிடித்த கப்பல் ஒவ்வொன்றையும் நான் கரிக்கடையாகத்தான் பார்க்கிறேன். செப்டம்பர் 24ல் கொழும்பிலிருந்து புறப்பட்ட ஹிட்டாச்சி மாரு என்ற யப்பான் கப்பலை இரண்டு நாளில் மாலைதீவில் வைத்துப் பிடித்தார்கள். நவம்பரில் இகோட்ஸ் மெண்டி என்ற ஸ்பெயின் கப்பல். அதில் இருந்தது கொழும்புக்கு வந்துகொண்டிருந்த கரி, 5,000 தொன்னுக்கு மேல். அந்தக் கரிதான் ஓநாயை வீட்டுக்குக் கொண்டுபோனது. சும்மா கொண்டுபோகவில்லை. அத்திலாந்திக்கில் இரண்டு கப்பலும் பக்கம் பக்கமாக ஒட்டி நின்று கரி மாற்றியபோது அலையில் மோதி மோதி ஓநாயின் தகடுகள் நசுங்கின. தண்ணீர் உள்ளே வந்தது, பம்பு நிற்கவில்லை. உள்ளே ஆட்களுக்குப் பச்சைக் காய்கறி இல்லாமல் பல்முரசு வீங்கும் நோய். 1918 பெப்ரவரி 24ல் கீலுக்குள் போனபோது அது போர்க்கப்பலும் இல்லை, சரக்குக் கப்பலும் இல்லை, துருப்பிடித்த ஓட்டைப் பாத்திரம்.

#16 வடமராட்சிப் பெடியன்

அதற்குப் பிறகு அந்தக் கப்பல்கள் என்னவாயின ஐயா?

#17 தண்டையல் வீட்டுப்பிள்ளை

போர் முடிந்து ஓநாயைப் பிரான்சுக்குக் கொடுத்தார்கள். அன்ரினோஸ் என்ற பெயரில் திரும்பவும் சரக்கு ஏற்றி ஓடி, 1931ல் உடைக்கப்பட்டது. ராபன்ஃபெல்ஸுக்கு ஆங்கிலேயர் கடைசியில் வைத்த பெயர் ரேவன்றொக். பழைய ஜேர்மன் பெயரை அப்படியே மொழிபெயர்த்துவிட்டார்கள், காக்கைப் பாறை! பிறகு அதை யப்பான்காரர் வாங்கினார்கள்.

#18 வேம்படி வீதி வாசுகி

கோப்பாய்க்காரத் தம்பி, அந்தக் கடிதத்தில் கப்பலில் வந்த ஆட்களைப் பற்றி ஏதாவது இருக்கிறதா? எல்லோரும் கப்பலைத்தான் எண்ணுகிறார்கள்.

#19 கோப்பாய்க்காரன்

மன்னிக்க வேண்டும், இரண்டு நாள் இந்தப் பக்கம் வரவில்லை. கூரை வேலைக்காரர் நின்றார்கள்.

இவ்வளவு விளக்கத்துக்கும் நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாறை, ஓநாய், காக்கை எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப அது எம்டன்ர தம்பி" என்று முடித்துவிட்டா.

வாசுகி அக்கா கேட்டதற்காக உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து மிச்சத்தையும் வாசித்தேன். நனைந்த உடுப்போடு வெள்ளைக்காரப் பெண்களும் பிள்ளைகளும் இறங்குதுறையில் நின்றதைக் கண்டதாக ஒரு வரி. அதன்பின் கறையான் தின்ற ஓட்டை. ஓட்டைக்குப் பிறகு, கரிப்பொடி ஒட்டிய வேட்டி எத்தனை தரம் தோய்த்தாலும் வெளுக்கவில்லை, இனிக் கறுப்புக் கரை வேட்டியே அனுப்புங்கோ, அடுத்த ரயிலில் வருகிற ஆளிடம் ஒடியலும் பினாட்டும் கொடுத்துவிடுங்கோ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.